வேர் சிகிச்சை செய்த பல்லில் மறுபடியும் சீழ்... பிடுங்கத்தான் வேண்டுமா?

'வேர் சிகிச்சை செஞ்சாச்சுன்னா அது செத்த பல்லு. செத்த பல்லு எப்படி வலிக்கும்?' கிராமத்தில் பலர் இப்படித்தான் நம்புகிறார்கள். அதில் பாதி சரி. நரம்பை எடுத்துவிட்ட பிறகு பல்லுக்குள்ளிருந்து வலி வராது. ஆனால், பல்லைத் தாங்கி நிற்கும் எலும்பு சாகவில்லை. அதை ஒட்டியுள்ள சவ்வும் ஈறும் உயிரோடுதான் இருக்கின்றன. வேரின் நுனி வழியாகக் கிருமி கசிந்தால் அந்த எலும்புதான் அரிபடும். அதுவும் சத்தமில்லாமல்.

புதுச்சேரி, திருக்கனூர் பக்கத்து விவசாயி ஒருவருக்கு இதுதான் நடந்தது. வயது 52. இரண்டரை ஏக்கர் நிலம். அதில் ஒன்றரை ஏக்கரில் மார்கழிப் பட்டத்து மணிலா, மீதியில் நெல். மேல்வரிசையில் வலது கோரைப்பல்லுக்கு முந்தைய பல்தான் அவருக்குத் தொல்லை கொடுத்த பல். பல வருஷங்களுக்கு முன்பு, தண்ணீர் காட்டும்போது மாடு தலையை உதற, கொம்பு பட்டு அந்தப் பல் ஆடிப்போனது. பிறகு தானாகவே கெட்டிப்பட்டது, நிறம் மட்டும் கறுத்தது. பத்து வருஷத்துக்கு முன் வலி எடுத்தபோது டவுனில் ஒரு கிளினிக்கில் வேர் சிகிச்சை செய்துகொண்டார். நாலு வருஷத்தில் ஈறில் சீழ் வைத்தது. இன்னொரு கிளினிக்கில் பழைய அடைப்பை எடுத்துவிட்டு, மறுபடி சுத்தம் செய்து அடைத்தார்கள். அதற்குள் பல்லின் மேல்பாகம் பொடிந்து போயிருந்ததால், வேருக்குள் ஒரு சின்னக் கம்பியை இறக்கி ஒட்டி, அதன்மேல் கேப் மாட்டினார்கள். ஆறு வருஷம் ஓடியது.

போன மாசியில் அவர் மனைவிதான் முதலில் பார்த்தார். "என்னாங்க, ஈறுல பரு மாதிரி வெள்ளையா என்னமோ இருக்குது?"

"வலிக்கலியே... விடு."

விரலால் அழுத்தினால் துளி சீழ் வரும், வாயில் கரிப்புச் சுவை தட்டும். இரண்டு நாளில் அமுங்கிவிடும். பத்து நாளில் மறுபடி கிளம்பும். வலி இல்லாததுதான் இதில் மோசமான விஷயம். உள்ளே சேரும் சீழ், ஈறில் ஒரு துளை போட்டுக்கொண்டு வெளியேறிவிடுவதால் அழுத்தம் ஏறுவதில்லை. அழுத்தம் இல்லாததால் வலியும் இல்லை. அந்தத் துளை அடைத்துக்கொண்டால்தான் கன்னம் வீங்கும், ராத்தூக்கம் போகும்.

நடுவில் மூன்று தடவை மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டார். 'பல்லு வீக்கம்' என்று சொன்னால் போதும், ஆளுக்கொரு அட்டை அமாக்ஸிசிலினும் வலி மாத்திரையும் கிழித்துக் கொடுக்கிற வழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. மருந்து ரத்தத்தோடுதான் போய்ச் சேர வேண்டும். நரம்பும் ரத்தக் குழாயும் எடுக்கப்பட்ட வேருக்குள் ரத்த ஓட்டமே கிடையாது. வெளியே எலும்பில் பரவிய கிருமி கொஞ்சம் அடங்கும். வேருக்குள் இருக்கும் நாற்றங்கால் அப்படியே இருக்கும். மாத்திரை தீர்ந்த இரண்டாம் வாரம் பரு மறுபடி வரும். இந்தச் சுற்றில் வருஷக்கணக்கில் சுற்றுகிறவர்கள் உண்டு.

ஏலத்துக்குக் காத்திருந்த நேரம்

பங்குனிக் கடைசியில் மணிலாவை மூட்டை பிடித்து, தட்டாஞ்சாவடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். மறைமுக ஏலத்தில் விலை விழும்வரை அங்கே காத்திருப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. அன்று பார்த்து கன்னம் லேசாக உப்பியிருந்தது. பக்கத்து அம்பாரத்துக்காரர் பாகூர்ப் பக்கம். கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ரெண்டு தடவ காசக் கொட்டியாச்சு. இன்னும் என்னத்துக்கு? புடுங்கிப் போட்டுட்டு நிம்மதியா இருய்யா."

இந்த யோசனையைத் தப்பென்று தள்ளிவிட முடியாது. சில பல்லுக்கு அதுதான் சரியான வழி. ஆனால், எந்தப் பல்லுக்கு என்பதை அம்பாரத்தில் உட்கார்ந்துகொண்டு முடிவு பண்ண முடியாது. மூட்டை தூக்க வந்தவர்தான் உருப்படியான வார்த்தை சொன்னார்: "கோரிமேட்டுல கவர்மெண்டு பல் ஆஸ்பத்திரி இருக்குதுண்ணே. இங்கேருந்து பக்கந்தான். காலையில வந்து சீட்டு போடு."

அவர் சொன்னது மகாத்மா காந்தி பட்டமேற்படிப்புப் பல் மருத்துவ நிலையத்தை. 1990-ல் தொடங்கப்பட்ட புதுச்சேரி அரசின் பல் மருத்துவக் கல்லூரி அது. தட்டாஞ்சாவடியில் வேளாண் துறை வளாகமும் விற்பனைக் கூடமும் இருப்பதால், மாதத்தில் இரண்டு தடவையாவது அந்தப் பக்கம் வருகிற விவசாயிகள் ஏராளம். கூடவே ஒரு பல் மருத்துவக் கல்லூரியும் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தோன்றுகிறது?

வேருக்குள் என்ன நடக்கிறது?

பல்லின் நடுவில் நரம்பும் ரத்தக் குழாயும் கலந்த ஒரு கூழ் இருக்கிறது. சொத்தையோ அடியோ அந்தக் கூழைக் கொன்றுவிட்டால், அது அழுகிக் கிருமிக்குத் தீனியாகிறது. வேர் சிகிச்சையில் அந்தக் கூழை எடுத்து, வேரின் குழாயை மெல்லிய அரங்களால் இழைத்துச் சுத்தம் செய்து, கட்டா பெர்ச்சா என்ற பொருளால் அடைக்கிறார்கள். இது தென்கிழக்கு ஆசியாவில் வளரும் ஒரு மரத்தின் பால். ரப்பருக்கு உறவு என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் கிருமியின் வேலைதான் என்பதை 1965-ல் அமெரிக்காவில் ககேஹாஷி என்பவரும் அவருடைய சகாக்களும் எலிகளை வைத்துக் காட்டினார்கள். கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்த எலிகளுக்கும் சாதாரண எலிகளுக்கும் ஒரே மாதிரி பல்லில் துளை போட்டுத் திறந்து விட்டார்கள். சாதாரண எலிகளுக்குக் கூழ் அழுகி, வேர்நுனியில் சீழ் வைத்தது. கிருமி இல்லாத எலிகளுக்கோ, துளையில் தீனித் துணுக்கு அடைந்து கிடந்தும் கூழ் சாகவில்லை. துளையை மூடப் புதிய பற்பொருளே வளர்ந்தது. ஆக, வேர் சிகிச்சை தோற்றது என்றால், எங்கோ கிருமி மிச்சம் இருக்கிறது அல்லது புதிதாக நுழைந்திருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

மிச்சம் இருக்கக் காரணங்கள் பல. வேரின் குழாய், படத்தில் வரைவதுபோல ஒரு நேர்க்குழாய் இல்லை. நுனிக்கு வரவர, ஆறு கடலில் கலக்கும் இடம் மாதிரி சின்னச் சின்னக் கிளைகளாகப் பிரிகிறது. மேல் கடைவாயின் முதல் பெரிய பல்லுக்கு மூன்று வேர் என்பார்கள். அதில் பெரும்பாலும் நாலாவதாக ஒரு குழாய் ஒளிந்திருக்கும். அதைத் தவறவிட்டால் எவ்வளவு அழகாக அடைத்தாலும் பிரயோஜனம் இல்லை. வளைந்த வேரில் அரம் உடைந்து மாட்டிக்கொள்வதும் உண்டு.

புதிதாக நுழைவதற்குப் பெரும்பாலும் நாமே காரணம். வேர் சிகிச்சை முடிந்து வலி நின்றதும், 'கேப் அடுத்த மாசம் போட்டுக்கலாம், அறுப்பு முடியட்டும்' என்று தள்ளிவிடுகிறோம். தற்காலிக அடைப்பு சில வாரங்கள்தான் தாங்கும். அது தேய்ந்து விளிம்பில் இடுக்கு விழுந்தால் எச்சில் இறங்கும், எச்சிலோடு கிருமியும் இறங்கும். கடைவாய்ப் பல் என்றால் கேப் இல்லாமல் கொட்டைப் பாக்கைக் கடித்து, பல்லே இரண்டாகப் பிளந்து போவதும் நடக்கிறது. நெல்லுக்குத் தண்ணீர் கட்ட மறக்காத வீட்டில் கேப்பை மட்டும் இரண்டு போகம் தள்ளிப்போடுவார்கள்.

மூன்று வழிகள்

தோற்றுப்போன பல்லுக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. பழைய அடைப்பை எடுத்து வேர் சிகிச்சையை மறுபடி செய்வது முதல் வழி. முடியுமானால் இதைத்தான் முதலில் பார்ப்பார்கள். மூன்றாவது, பிடுங்குவது. நடுவில் இருக்கும் வழிதான் பலருக்கும் தெரியாதது: பல்லை அப்படியே வைத்துக்கொண்டு, ஈறைத் திறந்து, எலும்பு வழியாகப் போய், வேரின் நுனியை மட்டும் வெட்டி எடுத்து, வெட்டிய இடத்தைக் கீழிருந்து அடைப்பது. இதற்கு 'அபிகோஎக்டமி' என்று பெயர். வேர்நுனி அறுவை என்று சொல்லலாம்.

திருக்கனூர்க்காரருக்கு முதல் வழி ஏற்கெனவே ஒரு தடவை முடிந்துவிட்டது. இரண்டாம் தடவை போகலாம் என்றால் கேப்பை உடைத்து, வேருக்குள் ஒட்டிய கம்பியை உருவ வேண்டும். அந்தப் பல்லின் வேர் மெல்லியது. கம்பியை ஆட்டி உருவும்போது வேர் நெடுக்கில் விரிசல் விட்டால் அதோடு கதை முடிந்தது. நெடுக்கில் பிளந்த வேரை எந்த அறுவையாலும் காப்பாற்ற முடியாது.

கோரிமேட்டில் அவரைப் பார்த்த முதுநிலை மாணவி, முதலில் சீழ் எந்தப் பல்லிலிருந்து வருகிறது என்பதை உறுதி செய்தார். பரு இருக்கும் இடத்துக்கு நேரே உள்ள பல்தான் குற்றவாளி என்று எப்போதும் சொல்ல முடியாது. அடைப்புக்குப் பயன்படும் அதே கட்டா பெர்ச்சா குச்சி ஒன்றை, ஈறில் இருந்த துளை வழியாக மெல்ல உள்ளே விட்டு எக்ஸ்ரே எடுத்தார். குச்சி வளைந்து போய், அந்தப் பல்லின் வேர்நுனியில், எலும்பில் விழுந்திருந்த கறுப்பு வட்டத்தில் நின்றது. ஈறுக்கும் வேருக்கும் நடுவே அளவுகோலை விட்டு வேரில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்தார். ஓரிடத்தில் மட்டும் குறுகலாக ஆழமாக இறங்கினால் விரிசல் என்று சந்தேகப்படுவார்கள். இறங்கவில்லை. கம்பியும் கேப்பும் கெட்டியாக இருந்தன.

"ஐயா, மேலேருந்து போக முடியாது. போனா வேர் உடையும். அதனால ஈறத் தொறந்து நுனிப் பக்கமா போறோம்" என்றார்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "தலைமடைய ஒடைக்க முடியலன்னா, கடைமடையில போயி அடைக்கிறீங்க. அப்படித்தானே டாக்டரம்மா?"

இதைவிடத் தெளிவாக இந்த அறுவையை விளக்க முடியாது.

ஆனால், உடனே செய்துவிடவில்லை. ரத்தப் பரிசோதனையில் மூன்று மாத சராசரி சர்க்கரை 9-க்கு மேல் இருந்தது. சர்க்கரை மாத்திரையை 'உடம்பு நல்லா இருக்கிற நாள்ல' விட்டுவிடும் பழக்கம் அவருக்கு. பீடியும் உண்டு. இரண்டுமே புண் ஆறுவதைக் கெடுக்கும். சர்க்கரையைக் கீழே கொண்டுவந்து, பீடியை நிறுத்தினால் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். அது அவருக்குக் கோபம்தான். 'சீழு வெச்ச பல்ல வெச்சிக்கிட்டு ரெண்டு மாசம் காத்திருக்கணுமா?' என்று வீட்டில் சத்தம் போட்டார். மனைவி ஒன்றும் பேசாமல் சர்க்கரை மாத்திரை அட்டையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில், கண்ணில் படும் இடத்தில் மாட்டி வைத்தார். பீடி நிற்கத்தான் நாள் பிடித்தது. பிடுங்கிவிடலாமா என்ற யோசனை அந்த இரண்டு மாதத்தில் பல தடவை வந்து போனது. பிடுங்கினால் என்ன செலவு, என்ன வேலை என்று கேட்டும் பார்த்தார். செயற்கை வேர் பதிப்பது கைக்கு எட்டாது. பிரிட்ஜ் என்றால் இரண்டு பக்கமும் இருக்கிற நல்ல பல்லை அராவ வேண்டும். கழற்றி மாட்டும் பல் மலிவு, ஆனால் ராத்திரி டம்ளரில் பல்லைப் போட்டு வைக்கிற வயசு இன்னும் வரவில்லை என்று அவருக்குப் பட்டது.

ஒரு மணி நேரம்

இந்த அறுவைக்கு மயக்க மருந்து தேவையில்லை. ஈறிலும் அண்ணத்திலும் மரத்துப்போக லிக்னோகைன் ஊசி போடுகிறார்கள். அதில் கலந்திருக்கும் அட்ரினலின் ரத்தக் கசிவைக் குறைக்கும். வலி தெரியாது, ஆனால் இழுப்பதும் அழுத்துவதும் துளையிடும் அதிர்வும் தெரியும். பயப்படுகிறவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

ஈறைக் கீறி, எலும்பின் மேலிருந்து ஒரு மடல் போலத் தூக்குகிறார்கள். எலும்பு தெரிகிறது. அதில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே நாலு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டுகிறார்கள். தண்ணீர் இல்லாமல் துளையிட்டால் சூட்டில் எலும்பு செத்துவிடும். ஜன்னல் வழியாக வேர்நுனியில் வளர்ந்திருக்கும் கெட்ட சதையைச் சுரண்டி எடுத்து, தனியாக ஒரு புட்டியில் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். அது வெறும் அழற்சிக் கட்டியா, நீர்க்கட்டியா, வேறு எதுவுமா என்பதை எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்ல முடியாது. சோதனைச்சாலையில் மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பிறகு வேரின் கடைசி மூன்று மில்லிமீட்டரை வெட்டுகிறார்கள். இந்த மூன்று என்கிற கணக்குக்குக் காரணம் உண்டு. நுனியில் பிரியும் கிளைக் குழாய்களில் கிட்டத்தட்ட எல்லாமே அந்த மூன்று மில்லிமீட்டருக்குள்தான் இருக்கின்றன. வெட்டிய முகத்தில் நீலச் சாயம் தடவி, விரிசலோ தவறவிட்ட குழாயோ இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். கடைசியில், அதிர்வலையில் ஓடும் மெல்லிய ஊசி முனையால் வெட்டிய முகத்தில் மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குழி எடுத்து, அதை அடைக்கிறார்கள்.

அடைக்கும் பொருள்தான் சுவாரஸ்யம். எம்.டி.ஏ. என்று பெயர். அமெரிக்காவில் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் டொராபினெஜாட் என்பவர் உருவாக்கி 1993-ல் வெளியிட்டார். அதன் அடிப்படை, நாம் தொட்டி கட்டும் போர்ட்லாண்ட் சிமெண்ட்! சுத்திகரித்து, எக்ஸ்ரேயில் தெரிவதற்காக பிஸ்மத் ஆக்ஸைடு கலந்திருப்பார்கள். எலும்புக்குள் ரத்தமும் ஈரமும் இல்லாத இடம் கிடையாது. மற்ற அடைப்புகள் ஈரம் பட்டால் கெடும், இது ஈரத்தில்தான் இறுகும். அதன்மேல் எலும்பும் சவ்வும் ஒட்டி வளர்கின்றன. பிரான்ஸைச் சேர்ந்த செப்டோடான்ட் நிறுவனத்தின் பயோடென்டைன் அதே குடும்பம்தான், ஆனால் சீக்கிரம் இறுகும். அதற்காக யாரும் வீட்டுச் சிமெண்டைப் பல் குழியில் அப்பிவிட வேண்டாம்.

இந்த அறுவை புதிதல்ல. அமெரிக்கப் பல் மருத்துவர் ஃபேரர் 1884-லேயே வேர்நுனியை வெட்டுவதைப் பற்றி எழுதிவிட்டார். அதற்கும் முன்னால், 1728-ல், பாரிஸில் பியர் ஃபோஷார் வெளியிட்ட பல் மருத்துவ நூலில், பல்லைத் திறந்து சீழை வடியவிடும் முறை இருக்கிறது. பழைய முறையில் பெரிய துளை போட்டு, வேரைச் சாய்வாக வெட்டி, பாதரசக் கலவையால் அடைத்தார்கள். நிறையத் தோற்றது. 'அந்த ஆபரேஷன் நிக்காதுப்பா' என்று இன்றைக்கும் சிலர் சொல்வது அந்தக் காலத்து அனுபவத்தை வைத்துத்தான். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், பழைய முறைக்கு 59 சதவிகித வெற்றியும், மைக்ராஸ்கோப், அதிர்வலை முனை, புதிய அடைப்புப் பொருள்களோடு செய்யும் முறைக்கு 94 சதவிகித வெற்றியும் கிடைத்தன. அந்த 94 எல்லா இடத்திலும் கிடைத்துவிடாது. அது பழகிய கையும், சரியான கருவியும், சரியாகத் தேர்ந்தெடுத்த பல்லும் சேர்ந்தால் வருகிற எண். ஒரு டாக்டரிடம் போனால், 'மைக்ராஸ்கோப் வெச்சிதான் செய்வீங்களா? எதை வெச்சு அடைப்பீங்க?' என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. விதை வாங்கும்போது முளைப்புத்திறன் கேட்பதில்லையா?

தையல் போட்ட பிறகு

அன்று முழுக்க ஐஸ் ஒத்தடம், பத்து நிமிஷம் வைத்து, பத்து நிமிஷம் எடுத்து. வீக்கம் அன்றைக்கே உச்சத்துக்குப் போவதில்லை. இரண்டாம், மூன்றாம் நாளில்தான் முகம் உப்பும், பிறகு வடியும். இது தெரியாமல் மூன்றாம் நாள் பயந்துபோய் ஓடி வருகிறவர்கள் அதிகம். முதல் நாள் வாயை வேகமாகக் கொப்பளிக்கவும் துப்பவும் கூடாது, சூடாகச் சாப்பிடக் கூடாது. மறுநாளிலிருந்து டாக்டர் கொடுக்கும் குளோர்ஹெக்ஸிடின் மருந்தால் மெல்லக் கொப்பளிக்க வேண்டும். தையல் பக்கம் பிரஷ் போகக் கூடாது. உதட்டைத் தூக்கிக் கண்ணாடியில் தையலைப் பார்க்கிற ஆசையைத்தான் அடக்க முடியாது. அப்படித் தூக்கித் தூக்கிப் பார்த்தே தையல் விடுபடுகிறது.

திருக்கனூர்க்காரருக்குக் கஷ்டமாக இருந்தது வேறு. சில நாள் குனிந்து வேலை செய்யாதீர்கள், மூட்டை தூக்காதீர்கள் என்றார்கள். ஆனி மாதத்தில் அது எப்படி முடியும்? பிள்ளை கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்து வரப்பு வேலையைப் பார்த்தான். ஆறாம் நாள் தையல் பிரித்தார்கள். சதைப் பரிசோதனையில் நாள்பட்ட அழற்சிக் கட்டி என்று வந்தது, பயப்படும்படி ஒன்றும் இல்லை. ஈறிலிருந்த துளை இரண்டே வாரத்தில் மூடிவிட்டது.

எலும்பு அவ்வளவு சீக்கிரம் மூடாது. ஆறாவது மாத எக்ஸ்ரேயில் கறுப்பு வட்டம் பாதியாகச் சுருங்கியிருந்தது. ஒரு வருஷத்தில் ஓரத்தில் ஒரு கீற்று தவிர மற்ற இடமெல்லாம் எலும்பு நிரம்பியிருந்தது. ஒரு குறை மட்டும் உண்டு. ஈறு அரை மில்லிமீட்டர் போல மேலேறி, கேப்பின் விளிம்பு ஒரு கறுப்புக் கோடாகத் தெரிகிறது. ஈறைத் திறந்து செய்யும் அறுவையில் இது நேரக்கூடியதுதான், முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். "மீசைய கொஞ்சம் எறக்கி விட்டா தெரியாது" என்று அவர் மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

யாருக்கு ஆகாது?

வேர் நெடுக்கில் பிளந்திருந்தால் இந்த அறுவை வீண். ஈறு நோயால் பல்லைச் சுற்றி எலும்பே கரைந்து பல் ஆடினாலும் அப்படித்தான். வேரே குட்டையாக இருந்தால், நுனியையும் வெட்டிய பிறகு பல் நிற்க இடம் இருக்காது. இந்த மாதிரிப் பல்லுக்கு பாகூர்க்காரர் சொன்னதுதான் சரி, பிடுங்குவது மேல். கடைவாய்ப் பல்லிலும் செய்யலாம், ஆனால் சிரமம் கூடுதல். மேல் கடைவாயில் வேர்நுனிக்கு மேலே மூக்கை ஒட்டிய காற்றறை இருக்கிறது. கீழ்த்தாடையில் உதட்டுக்கும் தாடைக்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது, அது பட்டால் கீழுதடு மரத்துப்போகலாம். அந்த இடங்களில் சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார்கள்.

இதய நோய்க்கு ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தாமாகவே மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகவும் கூடாது. அந்த முடிவை இதய மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். எலும்புத் தேய்வுக்கு அலெண்ட்ரோனேட் மாத்திரையோ, வருஷத்துக்கு ஒருமுறை ஸோலெட்ரோனிக் ஆசிட் ஊசியோ போட்டுக்கொள்ளும் வயதான அம்மாக்கள் பலர், 'அது முட்டிக்குப் போட்டது, பல்லுக்கும் அதுக்கும் என்ன?' என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அந்த மருந்து எடுத்தவர்களுக்குத் தாடை எலும்பில் கை வைத்தால் புண் ஆறாமல் போகிற ஆபத்து உண்டு. பல்லைப் பிடுங்குவதற்கும் இதே எச்சரிக்கைதான்.

போகும்போது பழைய எக்ஸ்ரே இருந்தால், எவ்வளவு பழையதானாலும், எடுத்துப் போவது நல்லது. வேர்நுனியில் தெரியும் கறுப்பு வளர்கிறதா, சுருங்குகிறதா என்பதை இரண்டு படத்தை ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும். நன்றாக ஆறிவரும் பல்லுக்குக்கூட சில மாதம் கறுப்பு தெரியும். அதைப் பார்த்து அவசரப்பட்டு மறுபடி திறக்க வேண்டியதில்லை. புதுச்சேரிக்காரர்களுக்குக் கோரிமேடு இருக்கிறது. ஜிப்மரிலும் பல் மருத்துவத் துறை உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் விழுப்புரம், கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு சிதம்பரத்திலும் சென்னையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கல்லூரி மருத்துவமனை என்றால் ஒரே நாளில் வேலை முடியாது, நாலைந்து தடவை நடக்க வேண்டியிருக்கும். அதற்கு ஏற்றபடி, நடவு, அறுப்பு இல்லாத மாதமாகப் பார்த்துத் தொடங்குவது நல்லது.

காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. பல் சீழோடு காய்ச்சல் வந்து, வாயைத் திறக்க முடியாமல், தாடைக்கு அடியிலோ கழுத்திலோ வீக்கம் இறங்கினாலோ, நாக்கு மேலே தூக்கிக்கொண்டு எச்சில் விழுங்கச் சிரமப்பட்டாலோ, கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, சீழ் தசைகளுக்கு நடுவே பரவுகிறது என்று அர்த்தம். அது மூச்சுக் குழாயை அழுத்தி உயிரையே எடுக்கக்கூடியது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் வேகமாகப் பரவும். மஞ்சள் பற்றோ வெந்நீர் ஒத்தடமோ போட்டுப் பார்க்காமல், காலையில் போகலாம் என்றும் இருக்காமல், ராத்திரி இரண்டு மணியானாலும் பெரிய மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் வண்டி போக வேண்டும்.